செவெல் எஸ்.எஸ். ஆலையில் உருவானதா, பின்னாளில் ஆக்கப்பட்டதா: சரிபார்க்கும் முறை

அமெரிக்காவின் செவ்ரலே நிறுவனம் 1960, 70களில் விற்ற செவெல் கார்களில், எஸ்.எஸ். (சூப்பர் ஸ்போர்ட்) என்ற இரண்டு எழுத்துகளோடு ஆலையிலிருந்து வெளிவந்தவற்றுக்கும், செவெலின் சாதாரண வகையான மலிபுவாக வெளிவந்து பிறகு யாரோ ஒருவருடைய பட்டறையில் எஸ்.எஸ். ஆனவற்றுக்கும் இன்று விலையில் பெரிய இடைவெளி இருக்கிறது. வெளித்தோற்றத்தை வைத்து இந்த இரண்டையும் பிரித்தறிய முடியாது. கிரில்லில் இருக்கும் பேட்ஜ், மேடு கொண்ட பானெட், வட்ட மீட்டர்கள் கொண்ட டேஷ்போர்டு, கறுப்புப் பட்டைகள், 14 அங்குல எஸ்.எஸ். சக்கரங்கள் என எல்லாமே புதிதாகத் தயாரிக்கப்பட்டு இன்றும் விற்பனைக்குக் கிடைக்கின்றன. பழைய கார்களிலிருந்து கழற்றிய அசல் பாகங்களும் சந்தையில் ஏராளம். எனவே வாங்குபவர் "எஸ்.எஸ். காருக்குரிய பாகங்கள் இதில் இருக்கின்றனவா" என்று தேடுவதில் பயனில்லை. "இந்தக் குறிப்பிட்ட கார் எஸ்.எஸ். ஆகவே ஆலையை விட்டுக் கிளம்பியது என்பதற்கு, இதே காரின் எண்ணோடு பிணைந்த சான்று என்ன இருக்கிறது" என்பதே அவர் கேட்க வேண்டிய கேள்வி.

ஜெனரல் மோட்டார்ஸின் மற்றொரு பிரிவான பான்டியாக்கின் கார்களுக்கு அந்தச் சான்று எளிதில் கிடைத்துவிடுகிறது. பான்டியாக் ஹிஸ்டாரிக் சர்வீசஸ் என்ற அமைப்பிடம் பழைய பில்லிங் பதிவுகள் இருப்பதால், ஒரு பான்டியாக் ஜி.டி.ஓ. காரின் எண்ணைக் கொடுத்தால் அது எந்தெந்த வசதிகளோடு விற்கப்பட்டது என்ற ஆவணத்தைக் கட்டணம் செலுத்திப் பெறலாம். 1967 முதலான ஃபோர்டு கார்களுக்கு, அதேபோல் பழைய பதிவுகளிலிருந்து எடுத்துத் தரப்படும் மார்ட்டி அறிக்கை இருக்கிறது. டாட்ஜ், பிளிமத் கார்களில் 1960களின் பிற்பகுதி முதல் சேசிஸ் எண்ணின் ஐந்தாவது எழுத்தே என்ஜினைச் சொல்லிவிடுகிறது. 1970ஆம் ஆண்டு டாட்ஜில் அந்த இடத்தில் ஆர் இருந்தால் அது 426 ஹெமி என்ஜின். அமெரிக்காவில் விற்கப்பட்ட அக்காலச் செவ்ரலேக்களுக்கோ, ஒவ்வொரு காரும் எப்படிக் கட்டப்பட்டது என்று சொல்லும் பதிவேடு நிறுவனத்திடமிருந்து கிடைப்பதில்லை. இந்த வெற்றிடம்தான் செவெல் எஸ்.எஸ். போலிகள் பெருகியதற்கு முதன்மைக் காரணம் என்பது என் கருத்து. இதில் ஒரு விலக்கு உண்டு. புதிதாக இருந்தபோது கனடாவில் விற்கப்பட்ட கார் என்றால், ஜெனரல் மோட்டார்ஸ் கனடாவின் பழைய வாகன ஆவணச் சேவை அந்தக் காரின் விவரங்களை எண்ணைக் கொண்டு தேடித் தரும். உங்கள் கார் கனடாவில் முதலில் விற்பனையானது என்பதற்குச் சிறு குறிப்பு கிடைத்தாலும் முதல் வேலையாக அங்கே விண்ணப்பியுங்கள்.

முதலில் ஆண்டைப் பாருங்கள்

செவெல் எஸ்.எஸ்.ஸைப் பொறுத்தவரை ஆண்டு மாறினால் சரிபார்க்கும் முறையும் மாறிவிடுகிறது. 1966, 1967, 1968 ஆகிய மூன்று ஆண்டுகளில் எஸ்.எஸ். 396 (396 என்பது கன அங்குலத்தில் என்ஜினின் அளவு) தனி மாடல். அதன் சேசிஸ் எண் 138 என்று தொடங்கும். 1 என்பது செவ்ரலே, 38 என்பது எஸ்.எஸ். 396 வரிசை, அடுத்த இரண்டு இலக்கங்கள் உடல் வடிவம். 1966, 1967 ஆண்டுகளில் ஹார்ட்டாப்புக்கு 17, 1968இல் 37, மூன்று ஆண்டுகளிலும் திறந்த கூரை வண்டிக்கு 67. எனவே 13817 என்று தொடங்கும் எண் கொண்ட 1967 கார் எஸ்.எஸ். தான், 13617 என்று தொடங்கினால் அது எஸ்.எஸ். பாகங்கள் மாட்டிய மலிபு. இந்த மூன்று ஆண்டுக் கார்களில் மீதமுள்ள ஐயம் ஒன்றே ஒன்றுதான்: அந்த எண் தகடு அந்தக் காருக்கே உரியதா என்பது.

1964, 1965 ஆண்டுகளில் எஸ்.எஸ். என்பது பெரும்பாலும் அலங்கார வகையைக் குறித்தது. ஆறு சிலிண்டர் என்ஜினோடும் மலிபு எஸ்.எஸ். கிடைத்தது. 1965இல் 396 கன அங்குல, 375 குதிரைத்திறன் என்ஜினோடு 201 கார்கள் மட்டும் இசட் 16 என்ற குறியீட்டின் கீழ் கட்டப்பட்டன. அவற்றைச் சேசிஸ் எண்ணால் பிரித்தறிய முடியாது. அத்தகைய காரை யாராவது உங்களிடம் விற்க வந்தால், அந்த மாடலை மட்டுமே ஆராய்ந்துவரும் வல்லுநரின் துணையில்லாமல் ஒரு அடிகூட எடுத்து வைக்காதீர்கள்.

உண்மையான சிக்கல் 1969இல் தொடங்குகிறது. அந்த ஆண்டிலிருந்து எஸ்.எஸ். தனி மாடலாக இல்லாமல், வாங்குபவர் கூடுதல் பணம் கொடுத்துச் சேர்த்துக்கொள்ளும் தொகுப்பாக மாறியது. அந்தத் தொகுப்பின் குறியீடு 1969இல் எஸ்.எஸ். 396க்கு இசட் 25; 1970இல் எஸ்.எஸ். 396க்கு இசட் 25, எஸ்.எஸ். 454க்கு இசட் 15. சேசிஸ் எண்ணைப் பார்த்தால் வி-8 என்ஜின் கொண்ட எந்த மலிபுவையும் போல 136 என்றுதான் இருக்கும். இருந்தாலும் அந்த எண்ணைக் கொண்டு சில கார்களை உடனே கழித்துவிடலாம். வரிசையைக் குறிக்கும் எண் ஒற்றைப்படை என்றால் ஆறு சிலிண்டர், இரட்டைப்படை என்றால் வி-8. ஆகவே 135 என்று தொடங்கும் 1969 அல்லது 1970 கார், அதில் எத்தனை பேட்ஜ் இருந்தாலும், ஆலையில் எஸ்.எஸ். ஆக இருந்திருக்கவே முடியாது. மறுபக்கம், 134 என்று தொடங்கும் 1969 காரைப் பலர் அவசரப்பட்டுப் போலி என்று தள்ளிவிடுகிறார்கள். அது தவறு. அந்த ஓர் ஆண்டில் எளிய வகையான 300 டீலக்ஸ் கூப்பேயிலும் எஸ்.எஸ். தொகுப்பு கிடைத்தது.

1971இல் எஸ்.எஸ். தொகுப்பை 350 கன அங்குலச் சிறிய வி-8 என்ஜினோடும் வாங்க முடிந்தது என்பதால், பெரிய என்ஜின் இல்லை என்பதை வைத்து அந்தக் காரை நிராகரிக்கக் கூடாது. 1972இல் சேசிஸ் எண்ணின் அமைப்பு மாறி, ஐந்தாவது இடத்தில் என்ஜினைக் குறிக்கும் எழுத்து வந்தது. அங்கே டபிள்யூ இருந்தால் 454; அந்த என்ஜின் எஸ்.எஸ்.ஸோடு மட்டுமே தரப்பட்டதால் வேலை முடிந்துவிடும். வேறு எழுத்து இருந்தால், அந்த எண் எஸ்.எஸ்.ஸை உறுதிப்படுத்துவதும் இல்லை, மறுப்பதும் இல்லை.

எண் தகடும் உடல் தகடும்

1968 முதல் சேசிஸ் எண் தகடு டேஷ்போர்டின் மேல், ஓட்டுநர் பக்கம், முன்கண்ணாடி வழியாகத் தெரியும்படி இருக்கிறது. 1966, 1967 கார்களில் அது இடப்பக்க முன்கதவின் கீல் தூணில் இருக்கும். எண்ணைப் படிப்பதற்கு முன் ரிவெட்டுகளைப் பாருங்கள். ஆலை பயன்படுத்தியவை ஆறு இதழ் பூப்போன்ற தலை கொண்டவை. கடையில் கிடைக்கும் வழவழப்பான வட்டத் தலை ரிவெட்டோ, திருகோ, ஒட்டும் பசையின் சுவடோ தெரிந்தால் அங்கேயே நிறுத்துங்கள். பூத்தலை ரிவெட்டுகளும் வெளியில் விற்கப்படுகின்றன என்பதால் அவை இருப்பது மட்டும் போதாது. ரிவெட்டைச் சுற்றி வண்ணம் உடைந்திருக்கிறதா, தகட்டின் துளைகள் நெளிந்திருக்கின்றனவா என்றும் பார்க்க வேண்டும். அமெரிக்கக் கூட்டரசுச் சட்டப்படி இந்த எண்ணை அழிப்பதும் மாற்றுவதும் குற்றம். தகட்டில் ஐயம் இருக்கும் காரை வாங்கினால் பணம் போவதோடு நிற்காது, காரே பறிமுதலாகலாம். இந்த எண்ணின் சுருக்க வடிவம் அடிச்சட்டத்தின் மேற்புறத்திலும் அடிக்கப்பட்டிருக்கும். உடல் ஏற்றப்பட்ட நிலையில் அதைப் படிப்பது கடினம். சிறு கண்ணாடியும் டார்ச்சும் பொறுமையும் வேண்டும்.

என்ஜின் அறையின் பின்சுவரில் இருக்கும் உடல் தகட்டைப் பற்றி விற்பவர்கள் அதிகமாகப் பேசுவார்கள். அதில் ஆண்டு, மாடல் எண், உடல் எண், இருக்கையின் வகையும் நிறமும், வெளி வண்ணம், உடல் கட்டப்பட்ட மாதமும் வாரமும் இருக்கும். 02சி என்றால் பிப்ரவரி மூன்றாம் வாரம். ஆனால் 1969 முதல் 1972 வரையிலான செவெல்களில் இந்தத் தகடு எஸ்.எஸ். தொகுப்பைப் பற்றி ஒன்றும் சொல்வதில்லை. "உடல் தகடே எஸ்.எஸ். என்று காட்டுகிறது" என்று 1970 காரைப் பற்றி ஒருவர் சொன்னால், அவர் அறியாமல் சொல்கிறார் அல்லது நீங்கள் அறியமாட்டீர்கள் என்று நினைக்கிறார். இந்தத் தகட்டின் உண்மையான பயன் அதிலுள்ள தேதி. பிறகு பார்க்கப்போகும் என்ஜின், கியர்பாக்ஸ், ஆக்ஸில் தேதிகள் அனைத்தையும் இதனோடுதான் ஒப்பிட வேண்டும்.

என்ஜின் முத்திரை

1969, 1970 ஆண்டுகளின் எஸ்.எஸ். கார்களுக்குக் காகிதம் இல்லாத நிலையில் மிஞ்சும் வலுவான சான்று, அந்தக் காரோடு வந்த என்ஜின். 1969இல் 396 என்ஜின்கள் எஸ்.எஸ்.ஸோடுதான் வந்தன. 1970இல் 350 குதிரைத்திறன் 396உம், 360, 450 குதிரைத்திறன் கொண்ட இரு வகை 454உம் அவ்வாறே. ஆனால் அதே 1970இல் "டர்போ-ஜெட் 400" என்ற பெயரில், 402 கன அங்குலமும் 330 குதிரைத்திறனும் கொண்ட பெரிய வி-8 சாதாரண மலிபுவிலும் தரப்பட்டது. அந்த ஆண்டில் 396 என்று பேட்ஜ் போட்டு விற்ற என்ஜினும் உண்மையில் 402 கன அங்குலம்தான். ஆக, பானெட்டுக்குக் கீழே பெரிய என்ஜின், அதுவும் அந்தக் காருக்கே உரியது என்பது எஸ்.எஸ். என்று நிறுவப் போதாது. எந்தப் பெரிய என்ஜின் என்பதைக் குறியீட்டு எழுத்துகள்தான் சொல்ல வேண்டும்.

அந்த எழுத்துகள் என்ஜின் பிளாக்கின் முன்பக்கத்தில், வலப்புறச் சிலிண்டர் ஹெட்டுக்கு முன்னால் இருக்கும் சிறு சமதளப் பட்டையில் அடிக்கப்பட்டிருக்கும். அமெரிக்கக் காரில் ஓட்டுநர் இடப்புறம் அமர்வதால் இது பயணி பக்கம். பெரும்பாலும் ஆல்டர்னேட்டரும் எண்ணெய்ப் பிசுக்கும் அதை மறைத்திருக்கும். விற்பவரின் அனுமதியோடு துணியில் கரைப்பான் நனைத்து மெதுவாகத் துடையுங்கள். கம்பித் தூரிகையாலோ உப்புத்தாளாலோ தேய்க்காதீர்கள், ஏனெனில் நீங்கள் தேடும் சான்றே அழிந்துவிடும். இரண்டு முத்திரைகள் தெரிய வேண்டும். ஒன்று என்ஜின் ஆலையின் முத்திரை. டி, 0210, சி.ஆர்.வி. என்று இருந்தால் டோனவாண்டா ஆலையில் பிப்ரவரி 10ஆம் தேதி முடிக்கப்பட்ட, 1970இன் நான்கு வேக மேனுவல் கியர்பாக்ஸுக்கான 450 குதிரைத்திறன் 454, அதாவது எல்.எஸ். 6 என்ஜின் என்று பொருள். அதே என்ஜின் ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸோடு வந்திருந்தால் சி.ஆர்.ஆர். என்றிருக்கும். இரண்டாவது முத்திரை காரைப் பூட்டிய ஆலை அடித்தது: செவ்ரலேக்கு 1, ஆண்டின் கடைசி இலக்கம், ஆலையின் எழுத்து, பிறகு ஆறு இலக்க வரிசை எண். இந்த வரிசை எண் டேஷ்போர்டுத் தகட்டின் கடைசி ஆறு இலக்கங்களோடு ஒன்றிப்போனால்தான் அந்த என்ஜின் அந்தக் காரோடு வந்தது. "மேட்சிங் நம்பர்ஸ்" (எண்கள் ஒத்துப்போகின்றன) என்ற சொல்லை மட்டும் நம்பிவிடாதீர்கள். பலர் முதல் முத்திரை சரியாக இருந்தாலே அப்படிச் சொல்லிவிடுகிறார்கள். 1968க்கு முந்தைய செவெல்களில் இந்த இரண்டாவது முத்திரையைப் பொதுவாக எதிர்பார்க்க முடியாது என்பதையும் நினைவில் வையுங்கள்.

மோசடி குவியும் இடமும் இந்தப் பட்டையே. எழுத்துகளை அடிக்கும் அச்சுகள் எளிதில் கிடைக்கின்றன. பழைய முத்திரையை இழைத்து அழித்துவிட்டுப் புதிதாக அடித்துவிடலாம். ஆனால் பட்டையின் தளம் காட்டிக்கொடுக்கும். ஆலையில் பிளாக்கின் மேற்பரப்பை இழைத்த எந்திரம், முன்னிருந்து பின்னாக ஓடும் மிக மெல்லிய இணைகோடுகளை விட்டுச் சென்றிருக்கும். டார்ச்சைத் தாழ்வாகச் சாய்த்துப் பிடித்தால் அந்தக் கோடுகள் தலைவாரிய முடிபோலத் தெரியும். எழுத்துகள் அவற்றை வெட்டிக்கொண்டு இறங்கியிருக்கும். கோடுகளே இல்லாமல் பட்டை கண்ணாடிபோல் வழவழவென்றிருந்தாலோ, சுழல் சுழலாக உராய்வுத் தடம் இருந்தாலோ, எழுத்துகள் அடித்த பிறகு அவற்றின் மேலேயே கோடுகள் கீறப்பட்டிருந்தாலோ அந்த முத்திரையைச் சான்றாக ஏற்காதீர்கள். என்ஜினைப் பழுதுபார்த்தபோது நல்ல நோக்கத்தோடே மேற்பரப்பை இழைத்திருக்கவும் கூடும். அது குற்றமில்லை, ஆனால் சான்று போய்விட்டது, விலையும் அதற்கேற்ப இறங்க வேண்டும். எழுத்துகளின் அளவு, சாய்வு, ஆழம் ஆகியவற்றை அதே ஆலையின் ஐயமற்ற கார்களின் படங்களோடு ஒப்பிடுவது நல்லது.

அடுத்து வார்ப்பு எண்களும் தேதிகளும். 1970ஆம் ஆண்டு 454 பிளாக்கின் வார்ப்பு எண் 3963512, எல்.எஸ். 6இன் சிலிண்டர் ஹெட் 3964291. பிளாக் வார்த்த தேதி மாதத்துக்கு ஓர் எழுத்து, நாள், ஆண்டின் கடைசி இலக்கம் என்ற வடிவில் வார்ப்பிலேயே இருக்கும். ஏ என்றால் ஜனவரி, பி என்றால் பிப்ரவரி. வரிசை ஒருபோதும் தலைகீழாக முடியாது: முதலில் வார்ப்பு, பிறகு என்ஜின் பூட்டிய நாள், பிறகு கார். பிப்ரவரி மூன்றாம் வாரத்தில் உடல் கட்டப்பட்ட காரில் மே மாதம் வார்த்த பிளாக் இருந்தால் அது பின்னால் வந்தது என்பதில் விவாதத்துக்கு இடமில்லை. கியர்பாக்ஸில் அடித்திருக்கும் சுருக்க எண்ணும் ஆக்ஸில் குழாயில் அடித்திருக்கும் குறியீடும் தேதியும் இதே கணக்குக்குள் வர வேண்டும்.

பாகங்கள் என்ன சொல்லும்

பாகங்களால் ஒரு காரை எஸ்.எஸ். என்று நிறுவ முடியாது. எஸ்.எஸ். இல்லை என்று ஐயுற அவை பெரிதும் உதவும். போலி செய்பவர் கண்ணில் படுவதை மாற்றுவார், படாததை விட்டுவிடுவார். 1969, 1970 எஸ்.எஸ். தொகுப்பில் பவர் டிஸ்க் பிரேக் முன்சக்கரங்களுக்குக் கட்டாயமாகச் சேர்ந்திருந்தது; முன்னால் டிரம் பிரேக் இருந்தால் அதற்கு விற்பவர் விளக்கம் சொல்லியாக வேண்டும். பின்ஆக்ஸிலின் மூடியில் 12 போல்ட்டுகள் இருக்க வேண்டும். சாதாரண மலிபுவில் 10. காரின் அடியில் படுத்துப் பார்த்தால், 1970 எஸ்.எஸ்.ஸில் பின்ஆக்ஸிலைப் பிடித்திருக்கும் கீழ்க் கைகள் நான்கு பக்கமும் மூடிய பெட்டி வடிவில் இருக்கும், அவற்றை இணைத்து வளைவில் கார் சாய்வதைக் குறைக்கும் ஸ்வே பாரும் இருக்கும். எல்.எஸ். 6 என்று சொல்லப்படும் காரில் எம் 22 மேனுவல் அல்லது டர்போ 400 ஆட்டோமேட்டிக் தவிர வேறு கியர்பாக்ஸ் இருந்தால் அது பின்னாளில் மாற்றப்பட்டது. முன் ஃபெண்டர்களின் உட்புறத்தில் விரலை ஓட்டிப் பாருங்கள்; பழைய மலிபு எழுத்துகளின் துளைகளை வெல்டிங் செய்து மூடிய மேடுகள் அங்கே தட்டுப்படலாம். ஃபெண்டரே மாற்றப்பட்டிருக்கவும் கூடும் என்பதால் இதையும் தனியாக நம்பிவிட முடியாது.

இங்கே ஒன்றைச் சொல்லத் தோன்றுகிறது. 1969இல், 400 கன அங்குலத்துக்கு மேற்பட்ட என்ஜினை இடைநிலைக் கார்களில் வைக்கக் கூடாது என்ற நிறுவனத்தின் சொந்த விதியைத் தாண்டி, கோப்போ 9562 என்ற சிறப்பு ஆணையின் வழியாக 427 கன அங்குல, 425 குதிரைத்திறன் என்ஜினோடு சில செவெல்கள் கட்டப்பட்டன. அவை எஸ்.எஸ். அல்ல, எஸ்.எஸ். பேட்ஜும் அவற்றில் இல்லை. பேட்ஜைத் தேடும் கண்ணுக்கு மிக அரிய அந்தக் கார்கள் எளிய மலிபுவாகவே தெரியும். பெயரில்லை என்பதற்காகவே ஒரு காரைத் தள்ளிவிடாமல் எண்களைப் படிக்கும் பழக்கம் இரு பக்கமும் உதவுகிறது.

காகிதம்

எல்லாவற்றையும்விட உறுதியானது ஆலையின் பில்ட் ஷீட். காரைப் பூட்டும் தொழிலாளர்களுக்கு எந்தப் பாகத்தை எடுத்து மாட்ட வேண்டும் என்று சொன்ன அச்சுத் தாள் அது. வேலை முடிந்ததும் அதை யாரும் கோப்பில் வைக்கவில்லை. பெட்ரோல் டேங்கின் மேல், பின்இருக்கையின் ஸ்பிரிங்குகளுக்கு இடையில், இருக்கையின் முதுகுக்குப் பின்னால், கம்பளத்துக்கு அடியில் என்று அகப்பட்ட இடத்தில் கிடந்துபோயிற்று. அரை நூற்றாண்டுக்குப் பிறகு டேங்கை இறக்கும்போது, துருக்கறை படிந்து, எலி கடித்து, மடிப்புகளில் பிளந்து அது வெளிவருகிறது. அதில் முதலில் பார்க்க வேண்டியது சேசிஸ் வரிசை எண். தாள் உங்கள் காருடையதா என்று அதுதான் சொல்லும். பக்கத்து வரிசையில் நின்ற காரின் தாள் தவறி இதில் விழுந்திருப்பதும் உண்டு, அதில் யாருடைய சூதும் இல்லை. எண் ஒத்துப்போனால் பிறகு இசட் 25 அல்லது இசட் 15 குறியீட்டையும், என்ஜின், கியர்பாக்ஸ், ஆக்ஸில் குறியீடுகளையும் தேடி, அவை காரில் அடித்திருப்பவற்றோடு ஒத்துப்போகின்றனவா என்று ஒவ்வொன்றாகச் சரிபாருங்கள்.

புரொடெக்ட்-ஓ-பிளேட் என்ற சிறு உலோகத் தகடு வாரண்டிப் புத்தகத்தோடு கொடுக்கப்பட்டது. அச்சு எடுப்பதற்காகச் செய்யப்பட்டதால் அதன் எழுத்துகள் கண்ணாடியில் தெரிவதுபோல் தலைகீழாக இருக்கும். அதிலும் சேசிஸ் எண்ணும் என்ஜின், கியர்பாக்ஸ், ஆக்ஸில் குறியீடுகளும் உண்டு. எஸ்.எஸ். என்ற சொல் அதில் இராது. என்ஜின் குறியீட்டின் வழியாகத்தான் அந்த முடிவுக்கு வர வேண்டும். விற்பனையின்போது கண்ணாடியில் ஒட்டிய விலைப் பட்டியல், முகவரின் விற்பனைச் சீட்டு ஆகியவையும் நல்ல சான்றுகள்.

இவை அனைத்துக்கும் போலிகள் இருக்கின்றன. ஆகவே தாளைக் கையில் வாங்கிப் பாருங்கள். நகலையோ தொலைபேசிப் படத்தையோ வைத்து முடிவெடுக்காதீர்கள். சீராகப் பரவிய பழுப்பு நிறம் தேநீரில் நனைத்ததாக இருக்கலாம். உண்மையான கறை ஸ்பிரிங் அழுந்திய இடத்தில் வட்டமாகவும் மடிப்பில் அடர்த்தியாகவும் படியும். யார், எப்போது, காரின் எந்த இடத்திலிருந்து எடுத்தார்கள், அப்போது எடுத்த படம் உண்டா என்று கேளுங்கள். 450 குதிரைத்திறன் எல்.எஸ். 6 என்ஜின்கள் 4,475 என்றே பொதுவாகக் கணக்குச் சொல்லப்படுகிறது. அதில் செவெலை ஒட்டிய எல் கமினோ பிக்கப்பும் அடங்கும். அத்தனை குறைந்த எண்ணிக்கையுள்ள ஒரு காருக்கு, விற்பவரே காகிதத்தையும் தந்து, காகிதம் உண்மையென்ற சான்றிதழையும் தந்தால், உங்கள் செலவில் வேறொரு மதிப்பீட்டாளரை அமர்த்துங்கள். கூடவே பழைய உரிமையாளர்களைத் தேடுங்கள். 1970களில் அந்தக் காரை வைத்திருந்தவரின் ஆல்பத்தில் இருக்கும் ஒரு குடும்பப் படம், அன்றே அதில் எஸ்.எஸ். பானெட்டும் பேட்ஜும் இருந்ததைக் காட்டுமானால் அதற்குப் பெரிய மதிப்பு உண்டு. எஸ்.எஸ். மீது பெருவிலை ஏறாத காலத்தில் மலிபுவை எஸ்.எஸ். ஆக்க யாரும் மெனக்கெடவில்லை.

எண் ஒத்த என்ஜினும் இல்லை, காகிதமும் இல்லை, ஆனால் மற்ற அடையாளங்கள் எல்லாம் பொருந்துகின்றன என்ற நிலையில்தான் 1969 முதல் 1971 வரையிலான பெரும்பாலான கார்கள் வந்து நிற்கும். அவற்றில் சில உண்மையான எஸ்.எஸ்.ஸாகவே இருக்கும், ஆனால் நிறுவ முடியாது. அத்தகைய காரை அழகுக்காகவும் ஓட்டும் இன்பத்துக்காகவும் தாராளமாக வாங்கலாம். நல்ல நிலையிலுள்ள, பெரிய என்ஜின் பூட்டிய மலிபுவுக்கு என்ன விலையோ அதைக் கொடுங்கள். விற்பவர் எஸ்.எஸ். விலைதான் வேண்டும் என்று நின்றால், "ஆலையில் இசட் 15 தொகுப்போடு கட்டப்பட்ட கார்" என்ற வாசகத்தைச் சேசிஸ் எண்ணோடு விற்பனை ஒப்பந்தத்தில் எழுதி, அது பொய்யென்று தெரியவந்தால் பணத்தைத் திருப்பித் தருவதாகக் கையெழுத்திடச் சொல்லுங்கள். மறுத்தால் முன்பணம் கொடுக்காமல் வந்துவிடுங்கள்.